ஃபைல் கண்ணெதிரே இருக்கிறது, பைத்தான் மட்டும் இல்லை என்கிறது

வாசகர் கேள்வி:

பைத்தானில் ரிப்போர்ட் தயாரிக்கும் ஒரு ப்ரோக்ராம் எழுதியிருக்கிறேன். ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் ஆப் என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் ரிப்போர்ட், டேட்டா, செட்டிங்ஸ் என்று மூன்று ஃபைல்கள். டெர்மினலில் ஒழுங்காக ஓடுகிறது. எடிட்டரில் பிரேக்பாயின்ட் (ஓட்டம் நிற்க வேண்டிய வரிக்கு வைக்கும் குறி) வைத்து டீபக்கரில் (ப்ரோக்ராமை நடுவில் நிறுத்திப் பார்க்கும் கருவியில்) ஓட்டினால் முதலில் 'ரிக்வெஸ்ட்ஸ் என்ற மாட்யூல் இல்லை' என்றது. டெர்மினலில் லைப்ரரிகளைக் கொண்டுவரும் பிப் இன்ஸ்டால் கொடுத்தால் 'ஏற்கெனவே இருக்கிறது' என்கிறது! எடிட்டருக்குள்ளிருந்து இன்னொரு முறை இன்ஸ்டால் செய்து அதைத் தாண்டினேன். அடுத்து 'ஆப் என்ற மாட்யூல் இல்லை' என்றது. தேடிப் பார்த்து சிஸ்.பாத்.அப்பென்ட் என்ற வரியை நாலு இடங்களில் முழு முகவரியோடு போட்டேன். சில இடங்களில் 'ஆப்' என்ற முன்பகுதியை எடுத்துவிட்டு வெறும் 'இம்போர்ட் செட்டிங்ஸ்' என்று மாற்றினேன். இப்போது இரண்டிலும் ஓடுகிறது. ஆனால் ரிப்போர்ட்டில் செட்டிங்ஸின் ஒரு மதிப்பை ட்ரூ என்று மாற்றினால், டேட்டாவில் அது ஃபால்ஸாகவே இருக்கிறது. கூட வேலை செய்பவரின் கணினியில் ப்ரோக்ராம் ஓடவே மாட்டேன் என்கிறது. எங்கே தவறு?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

ரிக்வெஸ்ட்ஸ் இல்லை என்றது, ஆப் இல்லை என்றது, மதிப்பு மாறாதது என்று மூன்று தொல்லைகளைச் சொல்லியிருக்கிறீர்கள். மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். ஆனால் கடைசித் தொல்லையைக் கொண்டுவந்தது நீங்கள் போட்ட ஒட்டுவேலை. அதனால் கோபித்துக்கொள்ளாமல் படியுங்கள், அந்த நாலு வரிகளையும் எடுக்கச் சொல்லத்தான் போகிறேன். (கோட் வரிகளையும் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். அடிக்கும்போது ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.)

மாட்யூல் (இம்போர்ட் செய்து எடுத்துக்கொள்ளும் கோட்) இல்லை என்ற எர்ரரைப் பார்த்ததும் எல்லோரும் கேட்கும் கேள்வி, "ஃபைல் இருக்கிறதா?" என்பது. இருக்கிறது, நீங்களே பார்த்துவிட்டீர்கள். ஆனால் பைத்தான் உங்கள் டிஸ்க் முழுக்கத் தேடுவதில்லை. சிஸ்.பாத் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. (நீங்கள் போட்ட அப்பென்ட் வரி, இதன் கடைசியில் ஒரு ஃபோல்டரைச் சேர்ப்பதுதான்.) அதில் இருக்கும் ஃபோல்டர்களை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போகும். பெயர் பொருந்தியதும் நின்றுவிடும், பட்டியல் தீர்ந்தால் இல்லை என்று சொல்லிவிடும். ஆக, கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: தேடுவது எந்தப் பைத்தான், எந்தெந்த ஃபோல்டர்களில், எந்த வரிசையில்? அதையும் தோற்றுப்போன அந்த ஓட்டத்திடமே கேட்க வேண்டும். பக்கத்தில் இன்னொரு டெர்மினலைத் திறந்து சோதித்தால், கிடைப்பது அந்த டெர்மினலைப் பற்றிய பதில். உங்களைப் பல மணிநேரம் சுற்றவிட்டது இதுவாகத்தான் இருக்கும்.

டீபக்கர் கையில் இருக்கிறதே, அதையே பயன்படுத்துங்கள். எர்ரர் வரும் இம்போர்ட் வரிக்கு மேலே 'இம்போர்ட் சிஸ்' என்று ஒரு வரி போட்டு, எர்ரர் வரும் வரியில் பிரேக்பாயின்ட் வையுங்கள். நின்றதும் டீபக் கன்சோலில் முதலில் சிஸ்.எக்சிகியூட்டபிள் என்று தட்டுங்கள். எந்தப் பைத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது என்று முழு முகவரியோடு வரும். அப்புறம் சிஸ்.பாத். டெர்மினலில் ஓட்டும்போது இதே இரண்டையும் பிரின்ட் செய்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

முதல் தொல்லை சிஸ்.எக்சிகியூட்டபிளிலேயே அகப்பட்டுவிடும். டெர்மினலில் ப்ராஜெக்ட்டின் வர்ச்சுவல் என்விரான்மென்டுக்குள் (அந்த ப்ராஜெக்ட்டுக்கென்றே தனியாக வைத்த பைத்தான் ஃபோல்டருக்குள்) இருக்கும் பைத்தான் காட்டும், டீபக்கரில் கணினியின் பொதுப் பைத்தான் காட்டும். இரண்டும் தனித்தனி வீடுகள். ஒவ்வொன்றுக்கும் தனி சைட்-பேக்கேஜஸ் ஃபோல்டர் உண்டு, பிப் கொண்டுவருவதெல்லாம் அங்கேதான் போய் இறங்கும். நீங்கள் டெர்மினலில் கேட்ட பிப், தன் வீட்டில் ரிக்வெஸ்ட்ஸ் இருக்கிறது என்றது. டீபக்கரின் பைத்தான், என் வீட்டில் இல்லை என்றது. இரண்டும் உண்மையைத்தான் சொல்லியிருக்கின்றன. எடிட்டருக்குள்ளிருந்து நீங்கள் செய்த இன்ஸ்டால் இரண்டாவது வீட்டுக்கும் ஒரு பிரதியைக் கொண்டுபோய் வைத்தது, அவ்வளவுதான். நாளைக்கு ஒன்றின் வெர்ஷன் ஏறி, மற்றது அங்கேயே நின்றால் இதைவிடப் பெரிய குழப்பம் வரும்.

இனிமேல் பிப் என்று மொட்டையாக அடிக்காதீர்கள். பைத்தான் மைனஸ் எம் பிப் இன்ஸ்டால் என்று அடியுங்கள். எந்தப் பைத்தானைக் கூப்பிட்டீர்களோ அதன் வீட்டுக்குத்தான் லைப்ரரி போகும், சந்தேகத்துக்கே இடமில்லை. எடிட்டரிலும் இன்டர்ப்ரெட்டரை, அதாவது கோடை ஓட்டும் பைத்தானை, தேர்ந்தெடுக்கும் இடத்தில் வர்ச்சுவல் என்விரான்மென்டின் பைத்தானைக் காட்டுங்கள். ஆக்டிவேட் செய்தால்தான் அது வேலை செய்யும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆக்டிவேட் என்பது முக்கியமாகச் செய்வது, டெர்மினலின் பாத் மாறியில் (இது சிஸ்.பாத் இல்லை, டெர்மினல் தன் கட்டளைகளைத் தேடும் பட்டியல்) அந்த ஃபோல்டரை முன்னால் வைப்பதுதான். அந்தப் பைத்தானை முழு முகவரி கொடுத்து நேரே கூப்பிட்டாலும், பக்கத்தில் இருக்கும் பைவென்வ்.சிஎஃப்ஜி என்ற ஃபைலைப் பார்த்துத் தன் வீடு எது என்று அதுவே தெரிந்துகொள்ளும். கிரான் மாதிரி நேரம் பார்த்து ஓடும் வேலைகளில் முழு முகவரிதான் நம்பகமானது.

பிப்பில் இன்னொரு சின்ன வம்பு இருக்கிறது. இன்ஸ்டால் செய்யும் பெயரும் இம்போர்ட் செய்யும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பில்லோ என்று இன்ஸ்டால் செய்துவிட்டு பிஐஎல் என்று இம்போர்ட் செய்கிறோம். பையாமல் என்று இன்ஸ்டால், யாமல் என்று இம்போர்ட். உங்கள் விஷயத்தில் இது இல்லை, ஆனால் என்றாவது ஒரு நாள் வரும்.

சரி, 'ஆப்' விஷயத்துக்கு வருவோம். இரண்டு ஓட்டங்களின் சிஸ்.பாத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இன்டர்ப்ரெட்டரைச் சரிசெய்த பிறகு பெரும்பகுதி ஒரே மாதிரி இருக்கும். நடுவில் ஒரு ஜிப் ஃபைலின் பெயர் வரும், டிஸ்கில் தேடினால் அப்படி ஒன்று இருக்கவே இருக்காது. பயப்பட வேண்டாம். பட்டியலில் இல்லாத இடங்கள் இருந்தால் பைத்தான் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். (கூட வேலை செய்யும் உங்கள் நண்பரின் கணினியில் நடந்ததும் இதுதான். உங்கள் யூசர் பெயர் போட்ட முகவரி அங்கே கிடையாது. எர்ரர் எதுவும் சொல்லாமல் அதைத் தாண்டிவிட்டு, கடைசியில் 'செட்டிங்ஸ் இல்லை' என்று வந்து நின்றிருக்கும்.) டீபக்கரும் தன் பங்குக்கு ஒன்றிரண்டு இடங்களைச் சேர்த்திருக்கலாம், அவற்றையும் விட்டுவிடுங்கள். நீங்கள் பார்க்க வேண்டியது முதல் வரியை.

டெர்மினலில் முதல் வரி: ப்ராஜெக்ட் ஃபோல்டர். டீபக்கரில் முதல் வரி: ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் இருக்கும் ஆப் ஃபோல்டர்.

அந்த ஒரு வரிதான் வித்தியாசம். டெர்மினலில் ப்ராஜெக்ட் ஃபோல்டரில் நின்றுகொண்டு பைத்தான் மைனஸ் எம் ஆப்.ரிப்போர்ட் என்று ஓட்டியிருப்பீர்கள். மைனஸ் எம் கொடுத்தால் நீங்கள் நிற்கும் ஃபோல்டர் பட்டியலின் தலையில் வரும், அங்கிருந்து பார்த்தால் ஆப் தெரியும். டீபக்கரோ 'இந்த ஃபைலை ஓட்டு' என்று ரிப்போர்ட்டை நேரே கொடுத்திருக்கிறது. அப்படிக் கொடுத்தால் ஃபைல் இருக்கும் ஃபோல்டர்தான் தலையில் வரும். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதை அது சட்டை செய்வதில்லை. ஆப் ஃபோல்டருக்குள் உட்கார்ந்துகொண்டு ஆப் எங்கே என்று தேடினால் எப்படிக் கிடைக்கும்? வீட்டுக்குள் நின்றுகொண்டு வாசலில் மாட்டியிருக்கும் பெயர்ப்பலகையைப் படிக்கிற கதைதான்.

டெர்மினலில் சும்மா பைத்தான் என்று தட்டி, அந்த மூன்று அம்புக்குறி வரியில் இம்போர்ட் செய்து பார்த்து "வருகிறதே!" என்பவர்களும் உண்டு. அது மூன்றாவது ரகம். அங்கே பட்டியலின் தலையில் ஒரு வெற்று வரி இருக்கும், அதற்கு இப்போது நிற்கும் ஃபோல்டர் என்று பொருள். அங்கே வருவது ஃபைலை நேரே ஓட்டும்போது வருவதற்குச் சாட்சி ஆகாது.

தலையில் இருக்கும் அந்த முதல் வரி எவ்வளவு அதிகாரம் படைத்தது என்பதை நான் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். மெயில் அனுப்ப ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி, அதற்கு எமெயில்.பை என்று பெயர் வைத்தேன். அதே ஃபோல்டரில் இருந்த வேறொரு ஸ்கிரிப்ட், மெயிலுக்குச் சம்பந்தமே இல்லாதது, இணையத்திலிருந்து எதையோ எடுக்கிறது, அது மறுநாள் உடைந்தது. 'எமெயில்.பார்ஸர் என்ற மாட்யூல் இல்லை, எமெயில் ஒரு பேக்கேஜ் இல்லை' என்று எர்ரர். நான் எமெயிலைக் கூப்பிடவே இல்லையே என்று அரை நாள் மண்டையைக் குடைந்தேன். பைத்தானின் சொந்த எச்டிடிபி மாட்யூல் உள்ளுக்குள் எமெயில் பேக்கேஜைக் கூப்பிடும். வரிசையில் முதலில் நிற்பது என் ஃபைல், அதனால் என்னுடையதே கிடைத்திருக்கிறது. இந்த மாதிரி சந்தேகம் வந்தால் அந்த மாட்யூலின் பெயரோடு ஒரு புள்ளி வைத்து, முன்னும் பின்னும் இரட்டை அடிக்கோடு போட்ட ஃபைல் என்பதைச் சேர்த்துக் கேளுங்கள், எங்கிருந்து வந்தேன் என்று சொல்லிவிடும். பைத்தான் 3.11 முதல் பெரிய எழுத்து 'பி' (பாத் என்பதன் ஆங்கில முதல் எழுத்து) போட்ட ஒரு ஆப்ஷனும் இருக்கிறது. மைனஸ் பி என்று ஓட்டினால் அந்த முதல் வரியே சேராது. அதோடு எர்ரர் மறைந்தால் பெயர் மோதல்தான். 3.13-இல் இப்படிப் பெயர் மோதும் சில இடங்களில் 'உன் ஃபைலின் பெயரை மாற்று' என்று எர்ரரே சொல்லிக்கொடுக்கிறது. எனக்கு அப்போது அந்தக் கொடுப்பினை இல்லை.

நிற்கும் ஃபோல்டரை நம்பித் தேடுவது ஆபத்து என்பது பைத்தானுக்கு மட்டும் தெரிந்த விஷயம் இல்லை. ரூபி 1.9.2-இலேயே அதைத் தேடல் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. பெர்ல் 2017-இல் வந்த 5.26-இல் எடுத்தது. அன்றைக்கு உடைந்த பழைய ஸ்கிரிப்ட்களின் சொந்தக்காரர்களும் உங்களைப் போலத்தான், ஃபைல் கண்ணெதிரே இருக்கிறதே என்று தலையில் கைவைத்திருப்பார்கள்.

இனி மூன்றாவது, ட்ரூ ஃபால்ஸ் மர்மம். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

டீபக்கரில் டேட்டா ஃபைலுக்குள் எங்காவது நிறுத்துங்கள். சிஸ்.மாட்யூல்ஸ் என்று ஒரு அகராதி இருக்கிறது. இதுவரை ஏற்றிய மாட்யூல்கள் எல்லாம் பெயர்வாரியாக அதில் இருக்கும். அதில் செட்டிங்ஸ் என்று முடியும் பெயர்களை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் 'செட்டிங்ஸ்', 'ஆப்.செட்டிங்ஸ்' என்று இரண்டு நிற்கும். இரண்டிடமும் எந்த ஃபைலிலிருந்து வந்தாய் என்று கேளுங்கள். ஒரே முகவரியைச் சொல்லும், எழுத்து பிசகாது. ஆனால் இரண்டும் ஒன்றா என்று 'இஸ்' போட்டுக் கேட்டால் ஃபால்ஸ் என்று வரும்.

ஏனென்றால் பைத்தான் மாட்யூலை ஞாபகம் வைத்துக்கொள்வது பெயரை வைத்து, ஃபைலை வைத்து இல்லை. நீங்கள் ப்ராஜெக்ட் ஃபோல்டரையும் ஆப் ஃபோல்டரையும் பட்டியலில் ஒருசேர வைத்துவிட்டீர்கள். ரிப்போர்ட் 'இம்போர்ட் செட்டிங்ஸ்' என்றது. ஆப் ஃபோல்டர் வழியாக ஃபைல் கிடைத்தது, ஓட்டி, 'செட்டிங்ஸ்' என்ற பெயரில் பதிவு செய்தது. டேட்டா 'ஃப்ரம் ஆப் இம்போர்ட் செட்டிங்ஸ்' என்றது. 'ஆப்.செட்டிங்ஸ்' என்ற பெயர் பதிவில் இல்லை. ப்ராஜெக்ட் ஃபோல்டர் வழியாகப் போய் அதே ஃபைலை இன்னொரு முறை முதலிலிருந்து ஓட்டி, இன்னொரு பெயரில் பதிவு செய்தது. நீங்கள் ட்ரூ என்று மாற்றியது ஒரு பிரதியில், டேட்டா படிப்பது மற்றதில். செட்டிங்ஸ் ஃபைலின் முதல் வரியில் ஒரு பிரின்ட் வைத்துப் பாருங்கள், ஒரே ஓட்டத்தில் இரண்டு முறை அச்சாகும்.

மதிப்பு மாறாததோடு நின்றது உங்கள் அதிர்ஷ்டம். இதே மாதிரி இரட்டைப் பிறவி எடுத்த மாட்யூலில் ஒரு கிளாஸ் இருந்தால், இந்தப் பக்கம் உருவாக்கிய ஆப்ஜெக்டை அந்தப் பக்கம் இஸ்இன்ஸ்டன்ஸ் போட்டுக் கேட்கும்போது, 'இது என் கிளாஸே இல்லை' என்று சொல்லும். எக்செப்ஷன் கிளாஸாக இருந்தால் எக்செப்ட் வரி அதைப் பிடிக்காது, நழுவிப் போய்விடும். எர்ரரில் இருக்கும் பெயரும் எக்செப்டில் இருக்கும் பெயரும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

இதைத் தீர்க்க ட்ரை, எக்செப்ட் போட்டு ஒரு பெயர் கிடைக்காவிட்டால் இன்னொன்றை இம்போர்ட் செய் என்று யாராவது சொல்லிக்கொடுப்பார்கள். வேண்டாம். இரண்டு பெயர்கள் நிரந்தரமாகிவிடும். அதோடு செட்டிங்ஸுக்கு உள்ளேயே வேறொரு இம்போர்ட் உடைந்தாலும் அந்த எக்செப்ட் அதை விழுங்கிவிடும், நீங்கள் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

என்ன செய்யலாம்? முதலில் நாலு அப்பென்ட் வரிகளையும் அழியுங்கள். எல்லா ஃபைல்களிலும் 'ஃப்ரம் ஆப் இம்போர்ட் செட்டிங்ஸ்' என்று முழுப் பெயருக்கே திரும்புங்கள். புள்ளி வைத்து எழுதும் ரிலேட்டிவ் இம்போர்ட்டும் தவறில்லை, ஆனால் யாராவது ஃபைலை நேரே ஓட்டினால் 'பெற்றோர் பேக்கேஜ் தெரியவில்லை' என்று அது முறைக்கும். முழுப் பெயர் எனக்குப் பிடிக்கும், தேடிக் கண்டுபிடிக்கவும் எளிது. ஆப் ஃபோல்டருக்குள் இரட்டை அடிக்கோட்டு இனிட் ஃபைல் இல்லையென்றால் வெற்றாகவாவது ஒன்று போடுங்கள். பைத்தான் 3.3-இலிருந்து அது இல்லாமலும் ஃபோல்டரை இம்போர்ட் செய்யலாம்தான். அதனாலேயே வேறெங்கோ இருக்கும் ஒரு காலி ஃபோல்டர்கூட 'ஆப்' என்ற பெயரில் எர்ரரே இல்லாமல் இம்போர்ட் ஆகிவிட வாய்ப்பு இருக்கிறது. 'மாட்யூல் இல்லை' என்பதற்குப் பதில் 'அதற்குள் டேட்டா இல்லை' என்று எர்ரர் வந்தால் இதைத்தான் முதலில் பாருங்கள்.

அப்புறம் டீபக்கர். அதன் அமைப்பில் எந்த ஃபைலை ஓட்ட வேண்டும் என்று கேட்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே எந்த மாட்யூலை ஓட்ட வேண்டும் என்று சொல்லவும் வழி இருக்கும். விஎஸ் கோடிலும் உண்டு, பைசார்மிலும் உண்டு. அதில் ஆப்.ரிப்போர்ட் என்று கொடுத்து, ஓடும் ஃபோல்டராக ப்ராஜெக்ட் ஃபோல்டரைக் காட்டுங்கள். டெர்மினலில் மைனஸ் எம் என்று நீங்கள் அடிப்பதைத்தான் டீபக்கரும் செய்யும். இரண்டு பட்டியல்களின் தலையும் ஒன்றாகிவிடும்.

உங்கள் ப்ரோக்ராம் வளரும், நண்பரும் ஓட்டுவார் என்றால் இன்னும் ஒரு படி போகலாம். ப்ராஜெக்ட் ஃபோல்டரில் பைப்ராஜெக்ட்.டாமல் என்ற ஃபைலில் பெயரும் வெர்ஷனும் போட்டு, பைத்தான் மைனஸ் எம் பிப் இன்ஸ்டால் மைனஸ் இ புள்ளி என்று ஒரு முறை கொடுங்கள். லைப்ரரிகளைப் போலவே உங்கள் ஆப்பும் அந்தப் பைத்தானின் வீட்டுக்குத் தெரிந்ததாகிவிடும், எந்த ஃபோல்டரில் நின்று ஓட்டினாலும் கிடைக்கும். டெஸ்ட் ஓட்டும் பைடெஸ்ட் தன் வசதிக்கு சிஸ்.பாத்தை மாற்றும் பழக்கமுடையது, அந்தத் தலைவலியும் குறையும். மைனஸ் இ-யை மட்டும் மறந்துவிடாதீர்கள். அது இல்லாமல் கொடுத்தால் இன்றைய கோடின் பிரதி ஒன்று சைட்-பேக்கேஜஸில் போய் உட்கார்ந்துகொள்ளும். வேறொரு ஃபோல்டரிலிருந்து ஓட்டும்போது பைத்தான் அந்தப் பிரதியை எடுக்கும். எடிட்டரில் நீங்கள் திருத்தும் எதுவும் ஓடாது, பிரேக்பாயின்ட் வைத்தால் நிற்காது, சிவப்புப் புள்ளி சில சமயம் வெறும் வளையமாக வெளுத்துப்போய் நிற்கும். பிரேக்பாயின்ட் பிடிக்கவில்லை என்று வரும் புகார்களில் பலவற்றுக்கு டீபக்கர் காரணமே இல்லை, ஓடுவது வேறு ஃபைல்.

எடிட்டரில் இம்போர்ட் வரிக்கு அடியில் சிவப்பு நெளிகோடு விழுகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. விழுந்தாலும் அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். கோடை ஓட்டாமலே படித்து எடிட்டர் சொல்லும் அபிப்பிராயம் அது. அதற்கு இடங்களைக் காட்டும் அமைப்பு தனி, ஓடும்போது பைத்தான் பார்க்கும் பட்டியல் தனி.

நண்பரின் கணினியில் வர்ச்சுவல் என்விரான்மென்டை அங்கேயே புதிதாக உருவாக்கச் சொல்லுங்கள். உங்களுடைய ஃபோல்டரை அப்படியே காப்பி செய்து கொடுக்காதீர்கள், அதற்குள் பல இடங்களில் உங்கள் கணினியின் முகவரிகள் பதிந்திருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏதாவது நின்றால், பைத்தான் மைனஸ் வி (சின்ன எழுத்து) என்று ஓட்டி எந்த மாட்யூல் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள், 'வி' இரண்டு போட்டால் தேடிப்போன ஒவ்வொரு இடத்தையும் சொல்லும். நூற்றுக்கணக்கான வரிகள் கொட்டும், ஒரு ஃபைலில் பிடித்து வைத்துக்கொண்டு 'ஆப்' என்ற பெயரை மட்டும் தேடுங்கள். எனக்கு மறுபடி எழுதுவதாக இருந்தால் எர்ரரின் கடைசி வரியை மட்டும் அனுப்பாதீர்கள். முழு ட்ரேஸ்பேக், இரண்டு ஓட்டங்களின் சிஸ்.எக்சிகியூட்டபிள், சிஸ்.பாத், எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புங்கள்.